ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்

(முன்னாள் மாணவர் மறுகூடல் விழாவில், கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவுக்கு ட்ராம்போன் வழங்குவது பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சின்னது. நம் 1971 பேட்ச் பணம் திரட்டி, கல்லூரி பேண்டுக்கு மூன்று ட்ராம்போன் வாங்கித் தருவது என்று முடிவாகியிருக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் கமிட்டியில் தகராறு. மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை. "நீதானய்யா அந்தக் காலத்துல இழுத்து இழுத்து ஊதுவே, நீயே வந்து சொல்லு" என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

தகராறு என்ன தெரியுமா? இரண்டு மாடல். பாக் 36, பாக் 42. படத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே பித்தளை, அதே வளைவு, எஃப் அட்டாச்மென்ட் வைத்து வாங்கினால் கட்டை விரலுக்கு அதே விசை. பெல்லின் வாய் ஒன்றில் 8 அங்குலம், மற்றதில் எட்டரை. பிறகு ஏன் இரண்டு மாடல்? ஒரு நண்பர் சொன்னார்: "பெரிய ஆர்கெஸ்ட்ராவுல எல்லாம் 42-தான் வாசிக்கிறாங்க. வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்குவோம்." கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கும்போது "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடு" என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. சட்டை என்றால் மடித்துப் போடலாம். ட்ராம்போனை மடிக்க முடியாது.

முதலில் "போர்" என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ட்ராம்போன் ஸ்லைடில் உள்ளே இரண்டு குழாய், வெளியே இரண்டு குழாய். நாம் இழுப்பது வெளிக்குழாய். நம் மூச்சு போகிற உட்குழாய் இருக்கிறதே, அதன் உள்விட்டம்தான் போர். கடைக்காரர் ஸ்லைடு சைஸ் என்று சொல்வது இதைத்தான்.

சைஸ்களை நாலு படியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி 0.500 அங்குலமும் அதற்குக் கீழேயும். அதாவது 12.7 மில்லிமீட்டர். கற்றுக்கொள்பவர்களுக்கான யமஹா 354 இந்த அளவு. ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்பும் சன்ன ஸ்லைடுகளும் இந்தப் படியில்தான். கிங் 3பி என்ற மாடல் 0.508, கொஞ்சம் மேலே. இரண்டாவது படி 0.525, பாக் 36 இது. மூன்றாவது 0.547. பாக் 42, கான் 88எச் இரண்டும் இந்த அளவு. நாலாவது 0.562, பேஸ் ட்ராம்போன். இதற்கு நடுவில் "டூயல் போர்" என்று ஒன்று உண்டு. மேல் குழாய் ஒரு அளவு, கீழ்க் குழாய் அடுத்த அளவு. இரண்டு சைஸுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு அது.

இப்போது கணக்குப் போடுங்கள். 0.500-க்கும் 0.547-க்கும் வித்தியாசம் 1.2 மில்லிமீட்டர்கூட இல்லை. "இதுக்கா மூணு கூட்டம்?" என்று கேட்பீர்கள். ஆனால் குழாயின் வாய்ப் பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுகிறது. நம் நெஞ்சுக்கூடு 20 சதவீதம் கூடுவதில்லை. அங்கேதான் சிக்கல்.

சன்ன போர் சீக்கிரம் பேசும். உதட்டை வைத்தவுடன் சத்தம் வரும், மேல் சுரம் சுலபம், ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் மிகவும் உரக்க ஊதினால் காதைக் கிழிக்கும், கீழ்ச் சுரங்கள் மெலிந்து போகும். பெரிய போர் நிதானமாகப் பேசும். ஒலி அகலமாக, கனமாக, இருட்டாக வரும். எவ்வளவு ஊதினாலும் தாங்கும். ஆனால் எவ்வளவு ஊதினாலும் "இன்னும் கொண்டா" என்று கேட்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 1984-ல் வெளிநாட்டில் இருந்த மைத்துனரிடம் சொல்லி ஒரு 0.547 வரவழைத்தேன். வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு திருவிழா. என் பழைய சின்ன மவுத்பீஸைச் செருகினேன். அது தொளதொளவென்று உள்ளே போய் ஆடியது. சின்ன ஷாங்க், பெரிய ஷாங்க் என்று இரண்டு ரகம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். 42 சைஸுக்குப் பெரிய ஷாங்க் வேண்டும். 36-க்கும் 0.500 சைஸுக்கும் சின்ன ஷாங்க் போதும். நான் காகிதத்தைச் சுற்றிச் செருகினேன். அதை வைத்துக்கொண்டு ஈஸ்டர் அதிகாலை பவனியில் நடந்துகொண்டே ஊதினேன். இரண்டாவது தெருவில் மூச்சு வாங்கியது. மூன்றாவது தெருவில் உதடு மரத்துப்போனது. நாலாவது தெருவில் ஊதுவது போல நடித்தேன். பக்கத்தில் வந்த கொம்புக்காரர் மெதுவாகச் சொன்னார்: "சார், சத்தம் வரல. ஆனா நல்லா இழுக்கிறீங்க."

குறை அந்த வாத்தியத்தில் இல்லை. உட்கார்ந்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்து, ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவருக்கு அது தங்கம். வாரத்துக்கு ஒரு நாள் ரிகர்சல், வெயிலில் நடந்துகொண்டு மார்ச் என்றிருந்த எனக்கு அது பாரம். ஆகவே முதல் கேள்வி "எது உயர்ந்தது?" என்பதல்ல. யார், எங்கே, எவ்வளவு நேரம் ஊதப்போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே சைஸில் இரண்டு மாடல் இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். பாக் 42-ம் கான் 88எச்-ம் இரண்டுமே 0.547 என்று சொன்னேன். பிறகு என்ன வேற்றுமை? வழக்கமான 42-ல் பெல் மஞ்சள் பித்தளை, செம்பு சுமார் 70 சதவீதம். 88எச்-ல் பெல் சிவந்த பித்தளை, செம்பு சுமார் 90 சதவீதம். செம்பு கூடக்கூட ஒலி மிருதுவாகும் என்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஊதிப் பாருங்கள். நண்பரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி ஊதுங்கள். ஊதுகிறவனுக்குக் கேட்பது வேறு, எதிரே நிற்பவனுக்குக் கேட்பது வேறு.

அடுத்து எஃப் அட்டாச்மென்ட். 1839-ல் லைப்சிக் நகரத்து சாட்லர் என்ற கைவினைஞர் செய்தது. கட்டை விரலால் விசையை அழுத்தினால் கூடுதலாக ஒரு குழாய்ச் சுருள் சேர்ந்துகொள்ளும். இதனால் என்ன லாபம்? சாதாரண ட்ராம்போனில் கீழ் பி-ஃபிளாட் ஒன்றாம் பொசிஷன், அதற்கு அடுத்த சி சுரம் ஆறாம் பொசிஷன். வேகமான மார்ச்சில் ஒன்றுக்கும் ஆறுக்கும் கையை வீசினால் முன்னால் போகிறவன் முதுகில் படும். விசை இருந்தால் சி சுரமும் ஒன்றாம் பொசிஷனிலேயே கிடைக்கும். கை குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் எடை கூடும், இடது கை வலிக்கும், பழுது பார்க்க வேண்டிய உறுப்பு ஒன்று அதிகமாகும். மூன்று பேருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். மூன்றாவது பார்ட் வாசிக்கிறவருக்கு வேண்டும்.

ஆகவே என் சிபாரிசு: 0.500 சைஸில் சாதாரண ட்ராம்போன் இரண்டு, 0.525 சைஸில் எஃப் அட்டாச்மென்ட் உள்ளது ஒன்று. வாங்கும்போது மூன்றுக்கும் சின்ன ஷாங்க்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மவுத்பீஸ் தொலைந்தால் இன்னொன்றை மாற்றிப் போடலாம். ஹாஸ்டலில் எது தொலையும், எது தொலையாது என்று நமக்குத் தெரியாதா?

வாங்கும்போது ஸ்லைடைச் சோதியுங்கள். மாடல் பெயரைவிட இது முக்கியம். ஸ்லைடைத் தனியே கழற்றி, கீழே ஒரு தலையணை வைத்து, செங்குத்தாகப் பிடியுங்கள். பூட்டைத் திறந்தால் வெளிக்குழாய் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் தயங்கினால் உள்ளே ஒடுக்கு இருக்கிறது. பிறகு மேலே உள்ள இரண்டு வாயையும் விரலால் அடைத்துக்கொண்டு விடுங்கள். இப்போது சட்டென்று இறங்கக் கூடாது. இறங்கினால் காற்று கசிகிறது. பழையது வாங்கினால் உட்குழாயின் குரோமியப் பூச்சு உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் கிடைக்காத காலத்தில் நாங்கள் பான்ட்ஸ் கோல்டு கிரீமை உட்குழாயின் நுனியில் மெல்லிசாகத் தடவி, மேலே தண்ணீர் தெளிப்போம். அதை வாங்கக் கடைக்குப் போனால் "யாருக்குப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "ட்ராம்போனுக்கு" என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

நண்பர்களே, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு மனசு ஆறாது.

1969-ல் நம் பேண்டு ரூமில் இங்கிலாந்தில் செய்த பழைய ட்ராம்போன் இரண்டு இருந்தன. மூத்தவன் என்று நல்லதை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்று என் அறைத்தோழனுக்குக் கிடைத்தது. அவன் பி-ஃபிளாட் ஊதும்போது ஸ்லைடை முழுக்க மூடமாட்டான். ஒன்றரை அங்குலம் வெளியே வைத்து ஊதுவான். பேண்டு மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். "ஒண்ணாம் பொசிஷன்னா மூடணும்டா!" என்று கத்துவார். மூடி ஊதினால் சுரம் சேராது. "உனக்குக் காதே இல்லை" என்பார். நாங்கள் சிரிப்போம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ஒரு வருஷத்தில் அவனைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2009-ல் பேண்டு ரூமை இடம் மாற்றியபோது அந்த ட்ராம்போன் குப்பையோடு கிடந்தது. பழுது பார்க்கலாமே என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். ட்யூனிங் ஸ்லைடு களிம்பேறி இறுகிப்போயிருந்தது. ஸ்லைடை மூடி ஊதி, எலக்ட்ரானிக் ட்யூனரில் பார்த்தேன். கிட்டத்தட்ட அரைக்கால் சுரம் இல்லை, முழுசாகக் கால் சுரம் மேலே நின்றது முள்.

அப்போதுதான் உறைத்தது. இங்கிலாந்தில் பிராஸ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரைக்கும் "ஹை பிட்ச்" என்ற பழைய சுருதியில் வாசித்தன. ஏ சுரத்துக்கு 452 அதிர்வு. இன்று நாம் வைப்பது 440. அந்த ட்ராம்போன் ஹை பிட்ச் வாத்தியம். நாங்கள் சேரும் முன்பே கல்லூரி புது கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் வாங்கியிருந்தது. அவை எல்லாம் 440. ஒன்பதடிக் குழாயில் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட மூன்று அங்குலக் குழாய் கூட வேண்டும். ஸ்லைடு இரண்டு குழாய் என்பதால் ஒன்றரை அங்குலம் இழுத்தால் போதும். அதே ஒன்றரை அங்குலம்!

அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோரிலும் காது சரியாக இருந்தவன் அவன் ஒருவன்தான். நாங்கள் அவனுக்குக் காது இல்லை என்றோம்.

அன்றைக்கு ராத்திரியே அவனுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, மன்னிச்சுக்கடா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "பதினெட்டு வயசுல சொன்னாங்க, நம்பிட்டேன். பொண்ணுக்குத் தாலாட்டுப் பாடக்கூடக் கூச்சப்பட்டேன்டா."

தம்பிகளே, தங்கைகளே, இதற்காகத்தான் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம் என்று இத்தனை நேரம் உங்கள் உயிரை எடுத்தேன். வாத்தியத்தின் அளவு தெரியாவிட்டால், அதன் குறையை ஊதுகிற பிள்ளையின் தலையில் கட்டிவிடுவோம். பொருந்தாத வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு "இவனுக்கு வராது" என்று சொல்லிவிடுவோம். பெரிய போரில் மூச்சு வாங்கினால் அந்தப் பெண் சோம்பேறி அல்ல. சுரம் சேராவிட்டால் முதலில் வாத்தியத்தைச் சோதியுங்கள், பிறகு பிள்ளையைக் கேளுங்கள்.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இரண்டு. பெரிசு சிறிசு என்ற மானப் பிரச்சினை பார்க்காமல், நம் பிள்ளைகளின் மூச்சுக்கும் கைக்கும் பொருந்துவதை வாங்குங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் பேண்டுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கடைக்கு அழைத்துப்போய் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, வாத்தியம் வந்ததும் முதல் ட்ராம்போனை மாணவர் கையில் கொடுக்க என்னைக் கூப்பிட வேண்டாம். மூன்றாவது வரிசையில், கதர்ச் சட்டையில், இப்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, என் அறைத்தோழன், அவனைக் கூப்பிடுங்கள். கொடுக்கும் முன் அவனே ஒரு பி-ஃபிளாட் ஊதிச் சுருதி பார்த்துக் கொடுக்கட்டும்.