செல்லாமல் போகக் கூடாத வாக்கு



இராதாபுரம் தொகுதி உங்களுக்கு நினைவிருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தல். அதிமுகவின் இன்பதுரை வென்றார், திமுகவின் அப்பாவு தோற்றார். வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளுபடியான தபால் வாக்குகள் என்று வழக்குக்குப் போனவையோ 203! உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர்கள் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்று தள்ளிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து செல்லும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2019இல் மறு எண்ணிக்கைக்கும் உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்து போயிற்று.

ஊரார் வாக்கையெல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்த்த தேர்தல் பணி ஊழியர்களின் வாக்கு, ஒரு கையெழுத்துத் தகராறில் முடங்கிக் கிடந்தது. நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால் தபால் வாக்கு உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாக்குச்சீட்டு சிறிய உறைக்குள். உறுதிமொழி அதற்கு வெளியே. இரண்டும் சேர்ந்து பெரிய உறைக்குள். அவசரத்தில் உறுதிமொழியையும் சிறிய உறைக்குள் போட்டு ஒட்டிவிடாதீர்கள்! எண்ணும் இடத்தில் பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் தேடுவது உறுதிமொழியைத்தான். அது இல்லையா, கையெழுத்தோ சான்றொப்பமோ விடுபட்டதா, அதிலுள்ள வரிசை எண் சிறிய உறையின் எண்ணோடு ஒத்துப்போகவில்லையா, சிறிய உறையைத் திறக்கவே மாட்டார்கள். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எவரும் பாராமலே அது செல்லாத வாக்காகிவிடும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குப் பிந்தி வரும் உறைக்கும் அதே கதிதான்.

அடுத்து, வீட்டிலிருக்கும் பெரியவர்கள். 2019இல் 80 வயது கடந்தோருக்கு வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கும் உரிமை வந்தது. 2024இல் அதை 85 ஆக்கிவிட்டார்கள். இது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. முழங்கால் தேய்ந்த 82 வயது அம்மாவிடம் இன்னும் மூன்று வருடம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோருக்கு வயது வரம்பு இல்லை. இவர்கள் கொடுக்க வேண்டியது 12டி படிவம். தேர்தல் தேதி அறிவிப்பு வேறு, அறிவிக்கை வேறு. முறையான அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். பிறகு அலுவலர் குழு முன்கூட்டியே சொல்லிவிட்டு வீடு தேடி வரும். ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான். தபால் வாக்கு அனுமதிக்கப்பட்டவர் வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

பிழைப்புக்காக வெளியூர் போன தொழிலாளிக்கும், வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் தபால் வாக்கு வசதி இன்னும் இல்லை. அதற்காகவும் நாம் குரல் கொடுத்தாக வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் தெருவில் 85 கடந்தவர்கள், மாற்றுத்திறன் உடையவர்கள் யார் யாரென்று எழுதி வையுங்கள். அறிவிக்கை வந்த அன்றே படிவத்தோடு அவர்கள் வாசலுக்குப் போங்கள்.