பூசணத்துக்குப் பெயர் வைப்பது எப்படி?

(மயிலாப்பூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பூசணம். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். பழைய ரொட்டியில் பச்சையாய்ப் பூப்பதும், மழைக்காலத்தில் தோல் செருப்பில் படிவதும், குப்பைமேட்டில் குடைபிடித்து நிற்கும் காளானும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. நான் காலேஜில் படித்தவனல்ல. புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைச் சொல்லுகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாமல், சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஜனங்கள் சொல்லுவார்கள். சீமையிலும் இதே கதைதான். விதையில்லாமல், அழுகலிலிருந்து தானாகவே காளான் உண்டாகிறது என்று பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். இத்தாலி தேசத்து மிகேலி என்பவர் மட்டும் பூசணத்தின் தூளை எடுத்து, அறுத்த முலாம்பழத் துண்டுகளின் மேல் தூவிப் பார்த்தார். எந்தப் பூசணத்தின் தூளைத் தூவினாரோ அதே பூசணம் முளைத்தது. 1729இல் புத்தகமாகவே போட்டார். அப்படியிருந்தும், ஜீவராசிகளுக்கெல்லாம் பெயர் வைத்த மகா பண்டிதர் லின்னேயஸ், 1767இல் பூசண வித்துக்களைப் புழுக்களின் கூட்டத்தில் 'கேயாஸ்', அதாவது குழப்பம், என்ற தலைப்பின் கீழ்த் தள்ளிவிட்டார். பெரியவர் சொன்னார் என்பதற்கும், முலாம்பழத்தில் முளைத்தது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

சரி, எது எந்தப் பூசணம் என்று பிரித்துப் பெயர் வைப்பதால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நம்முடைய மதுரையையே எடுத்துக்கொள்ளுவோம். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவனுக்கு முள் குத்துகிறது. முள்ளோடு மண்ணில் இருப்பதும் உள்ளே போகிறது. வலியே இல்லாமல் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பாதம் வீங்கி, துளை துளையாய்ப் புண்ணாகி, கடுகு போன்ற மணிகள் சீழோடு வெளிவருகின்றன. 1842இல் கில் என்ற வெள்ளைக்கார வைத்தியர் மதுரையில் இதைக் கண்டு எழுதினார். ஆகவே 'மதுரைக் கால்' என்றே உலகத்தில் பெயர் நிலைத்துவிட்டது. பம்பாயில் கார்ட்டர் என்ற வைத்தியர் 1860ஐ ஒட்டி, இது சாபமுமல்ல, இரத்தக் கேடுமல்ல, பூசணத்தின் வேலை என்றார்.

இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. கார்ட்டர் சொன்னது பாதி உண்மைதான். 1894இல் வின்சென்ட் என்பவர் இந்தப் புண்ணிலிருந்து வேறொரு நுண்ணுயிரை வளர்த்தெடுத்தார். நூல் நூலாய்ப் பூசணம் மாதிரியே இருக்கும். ஆனால் அது பாக்டீரியா இனம். அதற்கு இன்று 'ஆக்டினோமதுரா' என்று பெயர். பூசண இனத்துக்கு 1905இல் 'மதுரெல்லா' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் மதுரையின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி காலைத் தின்கின்றன. ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூசணத்தை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா என்றால் பெரும்பாலும் மருந்திலேயே தீர்ந்துவிடும். பூசணம் என்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது. சில சமயம் காலையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பிரித்துப் பெயர் வைப்பது வேலையற்றவன் செய்யும் குமாஸ்தா வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல்தான் இதைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வந்தவன் ஏழையாயிருந்தால் நோய்க்கும் மரியாதை கிடைப்பதில்லை.

இப்போது, பூசணத்தைப் பிடிப்பது எப்படி? நம் கபாலீசுவரர் கோயில் குளம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் மொண்டு வையுங்கள். ஆய்வுக்கூடக்காரர்கள் கஞ்சா விதையை வேகவைத்து அதில் போடுவார்கள். போலீசுக்குப் பயந்தவர்கள் எள்ளை வேகவைத்துப் போடலாம். சில நாட்களில் விதையைச் சுற்றிப் பஞ்சு போல் வெள்ளை நூல் பூத்துவிடும். எள்ளும் தண்ணீரும் இறைத்தால் பித்ருக்களுக்குப் போய்ச் சேருகிறதோ இல்லையோ, நீர்ப்பூசணத்துக்குப் போய்ச் சேருவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

மண்ணில் இருப்பதைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில் 1920களுக்கு முன் பெரிய ஏரி இருந்தது. அதைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். அங்கே ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு சிட்டிகை மண் எடுத்தால் அதில் இருக்கும் வித்துக்களுக்குக் கணக்கு வழக்கில்லை. ஆகவே 1 கிராம் மண்ணைச் சுத்தமான தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு, மறுபடியும் அதேபோல் நீர்த்து, இப்படி நாலைந்து தடவை செய்து, கடைசித் துளியை உருளைக்கிழங்குச் சாறும் கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சிய கூழின் மேல் விடுகிறார்கள். தனித்தனிப் புள்ளிகளாய் முளைக்கும். வேகமாய் வளருகிற முரடர்கள் மெதுவாய் வளருகிறவர்களை அமுக்கிவிடாமலிருக்கச் சாயம் போடுவதும் உண்டு. கூழில் முளைக்காதவையோ ஏராளம். அவற்றை இப்போது மண்ணிலுள்ள மரபணுவைக் கொண்டு தேடுகிறார்கள். உலகத்தில் இதுவரை பெயர் பெற்ற இனங்கள் சுமார் 1½ லட்சம். இருக்கக்கூடியவை 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை என்று 2017இல் மதிப்பிட்டார்கள்.

முளைத்ததை இன்னதென்று எப்படிச் சொல்லுவது? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போடுகிற தீனிக்குத் தக்கபடி நிறம் மாறும். உருவத்தையும் நம்பக்கூடாது. 1942இல் இங்கிலாந்தில் இங்கோல்டு என்பவர் ஓடைத் தண்ணீரில் அழுகும் இலைகளில் நாலு கை விரித்த நங்கூரம் போன்ற வித்துக்களைக் கண்டார். ஓடைகளின் நுரையை அள்ளினால் இவை அகப்படும். எல்லாம் ஒரே குடும்பம் என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும். ஆராய்ந்ததில், சம்பந்தமே இல்லாத வெவ்வேறு குலங்கள், ஓடும் தண்ணீரில் இலையைப் பற்றிக்கொள்ள வசதியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் அவர்கள் தலைமையில் மண்ணிலிருந்து வேர் வழியே ஏறிப் பருத்தியை வாடவைக்கும் பூசணத்தைப் பற்றிப் பல வருஷம் வேலை நடந்தது. அவரிடம் பயின்றவர் சி. வி. சுப்பிரமணியன் அவர்கள். 1953இல் கனடாவில் ஹியூஸ் என்பவர், வித்தின் உருவத்தைப் பார்க்காதே, அது எப்படிப் பிறக்கிறது என்று பார் என்றார். சில பூசணங்களில் நுனி ஊதிக் குமிழாகி வித்தாகும். சிலவற்றில் நூலே துண்டு துண்டாய் அறுந்து வித்தாகும். வேறு சிலவற்றில், முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவதுபோல் ஒரு குப்பியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் வெளியே தள்ளப்படும். இதைப் பின்பற்றிச் சுப்பிரமணியன் அவர்கள் 1962இல் ஹைபோமைசீட்ஸ் என்ற பெருங்கூட்டத்துக்கே புது வகைப்பாடு வகுத்தார். 1971இல் இந்தியாவிலுள்ள இனங்களைப் பற்றி 900 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். பிறப்பைக் கொண்டு வகை பிரிப்பதா என்று நம் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது பூதக்கண்ணாடியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பிறப்பு; தவறென்று தெரிந்தால் மறுநாளே ரத்து செய்யப்படுவது.

அவர் வைத்த பெயர்களைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வக்ரபீஜா, துவயபீஜா, பஹுசூத்ரபீஜா, அர்த்தசந்திரா என்று ஒரே சமஸ்கிருதமாயிருக்கிறது. லத்தீனுக்குப் பதில் நம் நாட்டுச் சொல் வரலாமென்றால், தமிழ் என்ன பாவம் செய்தது? தம் ஆய்வுக்கூடத்துப் பெரியவரைக் கௌரவிக்க 'ஐயங்காரினா' என்று ஒரு பூசணத்துக்குப் பெயர் வைத்ததில், சாதிப் பட்டமும் அழுகல் இலை வரை போய்விட்டது. முறைப்படி முதலில் வைத்த பெயரை, பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றக்கூடாது என்பது சட்டம். ஆனால் பெயர் எந்தப் பாஷையானாலும் ஆதாரம் கெட்டியானது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வகைப்பாடு ரத்தாகும் என்றேனே, அதற்கும் உதாரணம் குளத்திலேயே இருக்கிறது. எள்ளில் பூத்த அந்தப் பஞ்சை நூறு வருஷத்துக்கு மேல் பூசணம் என்றே எழுதினார்கள். பூசணத்தின் சுவரில் இருப்பது இறால் ஓட்டிலுள்ள கைட்டின். இதன் சுவரிலோ செடிகளிலுள்ள செல்லுலோஸ் இருக்கிறது. மரபணுவையும் பார்த்த பிறகு, இது கடலிலுள்ள பழுப்புப் பாசிக்குச் சொந்தமென்று தெரிந்து, பூசணக் குலத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் சாகக் காரணமானதும் இந்தக் கூட்டம்தான். உண்மையான பூசணமோ செடியைவிட மிருகங்களுக்கே, அதாவது நமக்கே, நெருங்கிய உறவு என்பது முடிவாகியிருக்கிறது. பூசணத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது கஷ்டமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கொல்லுவது நம்மையும் கொஞ்சம் கடிக்கும்.

2021இல் நாம் பட்டது நினைவிருக்கும். கொரோனா வந்து தேறியவர்களுக்கு, முக்கியமாய்ச் சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களுக்கு, மூக்கிலும் கண்ணிலும் பூசணம் ஏறியது. 'கருப்புப் பூஞ்சை' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பூசணம் கருப்பல்ல. செத்த சதைதான் கருப்பு. பிறகு வெள்ளை, மஞ்சள் என்று வர்ணம் வர்ணமாய்ப் பீதி கிளப்பினார்கள். உண்மையில் அது மண்ணிலும் சாணத்திலும் அழுகிய பழத்திலும் எப்போதும் இருக்கிற மியூக்கர் கூட்டம். நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்துக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து இதனிடம் பலிக்காது. எதுவென்று பார்க்காமல் பூசணம்தானே என்று அதைக் கொடுத்தால் கண் போகும், உயிரும் போகும். இதற்கு வேண்டியது ஆம்போடெரிசின். அது கிடைக்காமல் ஜனங்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாய் அலைந்தார்கள். அந்த ஆம்போடெரிசின் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெனிசுலா தேசத்தில் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து. அதுவும் நூல் நூலாய் வளரும் பாக்டீரியா. மதுரைக் காலில் வின்சென்ட் கண்டதற்குப் பங்காளி.

ஒரு கிண்ணத்தில் குளத்துத் தண்ணீரும் எள்ளும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். பூதக்கண்ணாடியும் மேஜை மேல் இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம்.