படத்துல எல்லாமே ஒரே பிரவுன் குருவிதானா?

கோட்டாறுக்குப் பக்கத்துலதான் சுசீந்திரம்–தேரூர் குளங்கள் இருக்கு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலம். அங்க கேமராவோட போற எல்லாருக்கும் வர்ற சந்தேகம்: இந்தப் பிரவுன் குருவி எது?

ரெண்டை மட்டும் பாப்போம். பிளெயின் பிரினியா வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும். பிளைத்ஸ் ரீட் வார்ப்ளர் வடக்கே இருந்து குளிர்காலத்துக்கு வர்ற விருந்தாளி. ரெண்டும் சுமார் 13 செ.மீ. நிறத்தை நம்பாதீங்க, வெயிலும் கேமராவும் அதை மாத்திடும். வடிவத்தைப் பாருங்க. பிரினியாவுக்கு மெலிஞ்ச நீள வால், குட்டி அலகு. வார்ப்ளருக்கு வால் அளவா இருக்கும், அலகு நீளம்.

வால் இலைக்குப் பின்னால மறைஞ்சிருக்கா? தேதியைப் பாருங்க. ஜூலைல எடுத்த படம்னா வார்ப்ளரா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. குரல் கேட்டா இன்னும் நல்லது. வார்ப்ளர் கல்லைத் தட்டுற மாதிரி 'டக், டக்'னு கூப்பிடும்.

அப்பவும் உறுதியில்லைன்னா, இ-பேர்ட்ல இனம் சொல்லாம பொதுவாப் பதியலாம். கோடிங் பண்றவங்களுக்குத் தெரியும், தப்பான டேட்டாவுக்கு காலி இடமே மேல். இந்தக் குளத்துக்கு எது, எப்ப வருதுன்னு நாளைக்கு ஒருத்தர் தேடினா, நம்ம பதிவைத்தான் நம்புவாங்க.