சொல்லத் தயங்கும் நோவு



பிறமொழி வழங்கும் மாநிலத்தில் வாழ்கின்ற நமக்குக் கடைத்தெருவிலும் பேருந்திலும் வேண்டிய சொற்கள் விரைவில் கைவந்துவிடுகின்றன. உடலின் துன்பத்தை உரைக்கும் சொற்களோ அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. பெங்களூரில் மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், இவ்வுண்மையை உடன் பணியாற்றும் தமிழ் அம்மையார் ஒருவர் வாயிலாக உணர்ந்தோம்.

மூன்றாண்டுக் காலம் அவர் மருத்துவரிடம் 'வயிற்றுவலி' என்ற ஒரு சொல்லையே சொல்லி வந்தார். சிறுநீர் சேரச் சேர அடிவயிற்றில் வலி மிகுவதையும், கழித்தபின் சிறிது தணிவதையும், இரவில் ஐந்தாறு முறை எழ நேர்வதையும் அவர் சொல்லவில்லை. நாணம் ஒருபுறம் தடுத்தது. கன்னடச் சொல் தெரியாமை மறுபுறம் தடுத்தது. கிருமித் தொற்று எனக் கருதி மருந்துகள் பலமுறை தரப்பட்டன. சோதனையிலோ கிருமி காணப்படவில்லை. முடிவில், 'இது வெறும் மனக்கவலை' என்றனர். வீட்டாரும் அதையே நம்பினர்.

ஆனால் அது மனக்கவலையன்று. சிறுநீர்ப்பை வலி நோய் என்பது அதன் பெயர். 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ்' என்றும் மருத்துவர் கூறுவர். 1915-ஆம் ஆண்டில் ஹன்னர் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் காணும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். எனினும், பெரும்பாலோரிடம் அப்புண் இருப்பதில்லை. ஆதலின், புண் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பையின் உட்சுவரைக் காக்கும் மெல்லிய படலம் பழுதுறுவதும், நரம்புகள் மிகையாகக் கூருணர்வு கொள்வதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பெண்களிடையே மிகுதி எனினும் ஆண்களையும் இது வருத்தும். இது தொற்றுநோயும் அன்று, புற்றுநோயும் அன்று.

இத்தகைய வலி ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சிறுநீரியல் மருத்துவரை நாடவேண்டும். கிருமித் தொற்று, கல், காசம், புற்று ஆகியவை இல்லையென முதலில் தெளிதல் இன்றியமையாதது. சிறுநீரில் குருதி கண்டாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பெங்களூரில் 1900-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில், சிறுநீரக நோய்களுக்கும் சிறுநீரியலுக்குமான அரசு நிறுவனம் ஒன்று உள்ளது.

இந்நோயை அறவே களைவதினும் அடக்கி ஆள்வதே பெரும்பாலும் இயல்வது. பருகியது, கழித்தது, வலித்த நேரம் ஆகியவற்றைச் சில நாட்கள் குறித்து வைத்தல் முதற்படி. காபி, தேநீர், எலுமிச்சை, தக்காளி, மிளகாய் முதலியவை பலருக்கு வலியைத் தூண்டும். எல்லாருக்கும் எல்லாமும் தூண்டுவதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே தமக்கு ஆகாததைத் தெளியவேண்டும். வலிக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது தவறு. செறிந்த சிறுநீர் எரிச்சலை வளர்க்கும். வெந்நீர் ஒத்தடமும், இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் துணை செய்யும். அத்தசைகளை இறுக்கும் பயிற்சியோ கேடு விளைக்கலாம். மாத்திரைகளும், பையினுள் செலுத்தும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் பென்டோசான் என்பதை நெடுநாள் உட்கொள்வோர் கண்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமியில்லாத போது கிருமிக்கொல்லியைத் தொடர்வதால் பயனில்லை.

அவ்வம்மையாருக்கு நாம் செய்த உதவி சிறிதே. அவர் தம் இல்லத்தில் தமிழில் எழுதி வந்த குறிப்பை ஒரே தாளில் கன்னடமாக்கிக் கொடுத்தோம். எரிச்சலைக் கன்னடத்தில் 'உரி' என்பர். சிறுநீர்ப்பையை 'மூத்ரகோச' என்பர். அத்தாளைப் படித்த புதிய மருத்துவர் கேட்ட கேள்விகளே வேறாயின. நோய் அறவே நீங்கிற்று என்பதற்கில்லை. இரவில் இருமுறை மட்டும் எழுகிறார். காலைக் காபியைத் துறந்துவிட்டார். அவர் கணவர் அத்தாளைப் படித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தாராம். மறுநாள் முதல் வீட்டில் யாரும் 'மனக்கவலை' என்று சொல்வதில்லை.

நேயர்களே, நும் இல்லத்தில் எவரேனும் அடிக்கடி எழுந்து போவதைக் கண்டால் நகையாதீர், பரிவோடு வினவுங்கள். வலியைக் குறிக்கும் 'நோவு' என்னும் சொல் கன்னடத்திலும் 'நோவு'தான். அவ்வொரு சொல்லைக் கொண்டேனும் பேச்சைத் தொடங்கலாம்.