மூலிகைக்கும் அளவுண்டு
(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரை)



கல்வராயன்மலைக் கடுக்காயை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் தோலைக் கொண்டு கொட்டையை நீக்குவர். சுக்கிற்கோ மேல்தோலைச் சீவி எறிவர். அன்றாடம் உண்ணும் பொருள்களிலேயே கொள்வதையும் தள்ளுவதையும் பிரித்தறிந்தவர் நம் முன்னோர். அவர்கள் பெயரைச் சொல்லி இன்று, "மூலிகைதானே, எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை" என்று கடைத்தெருவில் கூவி விற்கின்றனர். இது தமிழ் மருத்துவத்திற்குப் பெருமையன்று, இழுக்கு!

செங்காந்தளைப் பாருங்கள். கழகக்காலப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை சொன்ன மலர்; இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கே கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு எனப்படுவது. அதிலுள்ள கோல்கிசின் என்னும் பொருளை மூட்டு நோய்க்கு மருத்துவர் மிகச் சிறிய அளவில் தருகின்றனர். அதே கிழங்கை உணவுக் கிழங்கென மயங்கிச் சமைத்துண்டவர் தமிழகத்திலும் ஈழத்திலும் மாண்டிருக்கின்றனர். முதலில் வாயாலெடுப்பும் வயிற்றுப்போக்கும். பின்னர் எலும்பினுள் குருதி ஊறுவதும் குன்றிப்போகும்.

ஆடுதீண்டாப்பாளைக்குப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அவ்வினச் செடிகளிலுள்ள ஒரு காடிப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்சிய நாட்டில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் நூற்றுவருக்கு மேல் சிறுநீரகம் கெட்டனர். 1993-இல் இது வெளிப்பட்டது. பெயர் ஒப்புமையால் ஒரு மூலிகைக்கு மாற்றாக இவ்வினச் செடி கலந்ததே கரணியம். 2002-இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், இவ்வினம் சேர்ந்த மருந்துகள் புற்றுநோய் விளைப்பன என்று அறிவித்தது.

எனவே, பெயரை மட்டும் கேட்டு மூலிகை வாங்காதீர். செடியறிந்த மருத்துவரிடம் கேளுங்கள். உரிம எண் இல்லாப் பொதியைத் தொடாதீர். கருவுற்றோரும் சிறுநீரக நோயாளரும் தாமாக எதையும் உண்ணலாகாது. நீரிழிவு மாத்திரையோடு சிறுகுறிஞ்சானையும் உண்டால் குருதியில் சருக்கரை அளவுக்குமேல் தாழக்கூடும். ஆகையால் எந்த மருத்துவரிடம் சென்றாலும் உண்ட மூலிகையை மறைக்காமல் சொல்லுங்கள்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஒரு பகுதியே வகுத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. அளவறிந்து உண்ணலையும், நோயையும் அதன் முதலையும் ஆராய்தலையுமே அவர் வலியுறுத்தினார். அளவும் ஆராய்வுமே தமிழ் மருத்துவம். அவற்றை இழந்துவிட்டுப் பச்சிலையை மட்டும் பற்றிக்கொண்டிருப்பது மருத்துவமும் அன்று, தமிழும் அன்று!