கரும்பு இங்கே, கையெழுத்து அங்கே!



தென்பெண்ணைக் கரையூரான மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சருக்கரையாலை உண்டு. கரும்பு விளைக்கும் உழவர்க்கு, நடுவணரசின் விலைக்கும் மேலாகத் தமிழ்நாட்டரசு பரிந்துரை விலை அறிவித்து வந்தது. 2019இல் பிரேசில், ஆத்திரேலியா, குவாத்தமாலா நாடுகள் உலக வணிக அமைப்பில் தொடுத்த வழக்கில் அவ்விலையும் இழுக்கப்பட்டது. விளைமதிப்பில் நூற்றுக்குப் பத்து என்னும் உதவி வரம்பை இந்தியா மீறியதென 2021 திசம்பரில் நடுவர்குழு முடிவுரைத்தது, இந்தியா மேல்முறையிட்டது.

வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம். வெளிநாட்டு உடன்படிக்கையோ நடுவண் பட்டியலின் 14ஆம் இனம்! அதனை நிறைவேற்ற, மாநிலத்திற்குரிய பொருளிலும் நாடாளுமன்றமே சட்டமியற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு. மாநில இசைவு கேட்கப்பட வேண்டியதில்லை.

விளைப்பவன் இங்கே, கையெழுத்திடுபவன் தில்லியில், வரம்பு கட்டுபவன் செனீவாவில்! சட்டமன்ற ஒப்புதலின்றி உழவு பற்றிய உடன்படிக்கை எதுவும் கூடாதென ஊர்தோறும் முழங்குவீர்!