கணினியில் கோலம்: கட்டம் தெரியாமல் கை வைக்காதீர்கள்!



எனக்கு முன் பேசிய ஆசிரியை, "கணினி வந்தது, கோலம் போனது" என்று வருத்தப்பட்டார். கைதட்டலும் பலமாகவே இருந்தது. அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் கடைகளில் ஒட்டுக் கோலம் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. வாங்குகிறோம், ஒட்டுகிறோம், மறுமாதம் கிழித்துப் போடுகிறோம். ஆனால் கணினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு சாட்சி சொல்லியாக வேண்டும். ஏனென்றால் என் விஷயத்தில் குற்றவாளி கணினி அல்ல, நான்தான்.

நான் படித்தது மக்கள் தொடர்பியல் டிப்ளோமா. கணக்குக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்குக் கோலத்தால் ஆன பின்னணித் திரை தேவைப்பட்டது. "நானே செய்கிறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். எங்கிருந்தோ ஒரு கோலப் படத்தை எடுத்தேன், ஓரங்களை வெட்டினேன், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். அரை மணி நேரத்தில் திரை நிறைந்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

நேரலை முடிந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. வயதான அம்மையாரின் குரல். "தம்பி, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா ஒங்க பின்னால கோலம் ஒடஞ்சு கெடந்துச்சே, அங்க யாருமே பாக்கலையா?" பதிவைப் போட்டுப் பார்த்தேன். படத்தின் வலது ஓரத்தில் வெளியேறிய கோடு, அடுத்த படத்தின் இடது ஓரத்தில் வந்து சேரவில்லை. நூலளவு தள்ளி நின்றது. 24 முறை ஒட்டியிருந்தேன். எல்லா ஒட்டிலும் அதே பிழை. கையால் போட்டிருந்தால் ஓர் இடத்தில் தவறியிருப்பேன், அடுத்த இடத்தில் திருத்தியிருப்பேன். கணினி அப்படியல்ல. நாம் கொடுப்பதை ஒரு மயிரிழை மாறாமல் பெருக்கிக் கொடுக்கும், தவறு உட்பட.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். முட்டிவலி வந்த பிறகு குனிந்து கோலம் போடுவதை நிறுத்திவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் கல்யாணத்துக்கு முன்பே எழுதத் தொடங்கிய கோல நோட்டு. தாள் பழுத்து, மை மங்கிப்போயிருந்தது. "எனக்கப்புறம் இத யாரு போடப் போறா? கம்ப்யூட்டர்ல ஏத்தி வையேன்" என்றார். தொலைபேசியில் வந்த கேள்வியைவிட இது கனமாக இருந்தது.

அப்படியே படம் பிடித்து ஏற்றிவிடலாம், ஒரு நிமிட வேலைதான். ஆனால் அது பழைய தவறு. படம் இருக்கும், கோலம் போடத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார். ஆகவே முதல் பக்கத்திலிருந்து நானே வரைவது என்று உட்கார்ந்தேன். இன்க்ஸ்கேப் என்று ஒரு வரைகலை மென்பொருள் இருக்கிறது. 2003-இல் வெளிவந்தது, காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் கட்டத்தைத் திரையில் விரித்து, புள்ளிகள் கட்டத்தின் முனையில் தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்யலாம்.

முதல் கோலம் 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. 20 மில்லிமீட்டர் சதுரக் கட்டம் போட்டேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும், "ஏம்பா, புள்ளியெல்லாம் நெட்டுக்கு இழுத்துக்கிட்டு நிக்குது?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கணினி போட்ட அளவு எப்படித் தப்பாகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் புள்ளிக்குத் தூரம் 20. சாய்வாக அடுத்த வரிசைப் புள்ளிக்கோ 22-க்கும் மேல். அம்மா சொன்னதுதான் சரி. வரிசைக்கு வரிசை இடைவெளி 20 அல்ல, 17.32 ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் உள்ள எந்த மூன்று புள்ளியும் சமபக்க முக்கோணமாகும். அம்மாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. "மூணு புள்ளியும் அடுப்புக்கல்லு மாதிரி உக்காரணும்" என்பதுதான் அவருடைய சூத்திரம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நேர்ப்புள்ளி என்பது சதுரக் கட்டம், இடைப்புள்ளி என்பது முக்கோணக் கட்டம் என்று. அந்த முக்கோணங்கள் ஆறு கூடினால் தேன்கூட்டில் பார்க்கும் அறுகோணம். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவங்களில், ஒரே வடிவத்தால் இடைவெளி இல்லாமல் தரையை நிரப்பக்கூடியவை இந்த மூன்றே மூன்றுதான். காரணம் எளிது. ஒரு முனையைச் சுற்றி 360 பாகை நிரம்ப வேண்டும். 60 பாகை ஆறு முறை, 90 பாகை நான்கு முறை, 120 பாகை மூன்று முறை போகும். ஐங்கோணத்தின் கோணம் 108. மூன்று வைத்தால் 36 பாகை வாயைப் பிளந்து நிற்கும்.

மென்பொருளில் ஒரு துண்டை வரைந்துவிட்டு, குளோன் அடுக்கும் பகுதிக்குப் போனால், வரிசை எத்தனை, நிரை எத்தனை என்று கேட்கும். திருப்பி வைப்பதா, கண்ணாடியில் தெரிவதுபோல் வைப்பதா என்றும் கேட்கும். அதில் 17 வகை இருக்கின்றன. ஏன் 17, ஏன் 20 இல்லை என்று நானும் யோசித்தேன். தளத்தில் இரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும் கோலங்களை ஒழுங்குபடுத்தினால் 17 வகைக்கு மேல் கிடையாது. ரஷ்யரான ஃபெதரோவ் 1891-இலேயே நிறுவிவிட்டார். குளோனில் இன்னொரு வசதி, மூலத் துண்டில் ஒரு கோட்டை மாற்றினால் எல்லாத் துண்டும் சேர்ந்தே மாறும்.

ஓரம் ஒட்டாத என் பழைய பிழைக்கும் மருந்து உண்டு. துண்டைப் பாதியளவு நகர்த்தி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பிசகு எல்லாம் கண்ணெதிரே வந்து நிற்கும். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பாத்தேக் அச்சுக் கட்டை செய்பவர்களுக்கு இது கைவந்த கலை. செப்புத் தகட்டை வளைத்து அச்சு செய்யும்போதே, வலது ஓரத்துக் கொடி இடது ஓரத்தோடு சேருமா என்று பார்த்துக்கொள்வார்கள். மெழுகு துணியில் இறங்கிய பிறகு திருத்த முடியாதல்லவா?

கோலத்துக்கும் கணினிக்கும் பகை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் மொழியில் எழுதி 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நம்மில் பலர் கணினியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே!

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். தளத்தை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும், ஆனால் அடுக்கிய கோலம் திரும்பத் திரும்ப வரவே கூடாது. அப்படி ஒரே ஒரு வடிவம் உண்டா என்று கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2022-இல் அதைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். கணினியில் வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்த்தவர், ஒன்றில் சந்தேகம் வந்ததும் தாளில் பல பிரதிகள் வெட்டி மேசையில் அடுக்கினார். பிறகு மூன்று அறிஞர்கள் அவரோடு சேர்ந்து நிறுவி, 2023-இல் உலகுக்கு அறிவித்தார்கள். தொப்பி போன்ற அந்த 13 பக்க வடிவம் அறுகோணக் கட்டத்திலிருந்து பிறந்தது. திரையும் வேண்டியிருந்தது, கையும் வேண்டியிருந்தது.

ஆகவே ஆசிரியைக்கு என் பணிவான வேண்டுகோள், பிள்ளைகளிடமிருந்து கணினியைப் பிடுங்காதீர்கள். கோலப் படத்தை எடுத்து ஒட்டுவதை மட்டும் தடுங்கள். வெறும் கட்டத்தைத் திறந்து, முதல் புள்ளியை வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்துச் சொல்கிறார், நான் வரைகிறேன். நோட்டில் 22 பக்கம் முடிந்திருக்கிறது. 23-ஆவது பக்கத்தில் ஒரு சிக்குக் கோலம். கோடு சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மை அழிந்துவிட்டதா, பாதியில் விட்டுவிட்டாரா என்று அம்மாவுக்கே நினைவில்லை. இந்த அரங்கில் சிக்குக் கோலம் போடத் தெரிந்த தாய்மார்கள் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன்.